வாய்பிளப்பதற்கு ஓர் எண்ணா?

எமது பத்திரிகைகளின் சிறுவர் பகுதிகளும் வாரமலர்களின் துணுக்குப் பகுதிகளும் காலத்துக்குக் காலம் தவறாமல் அச்சிடும் எண் ஒன்று உண்டு. 18,446,744,073,709,551,615 என்பதே அது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்துநான்கு கட்டங்களிலும் சேரும் மொத்தத் தொகை. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் மன்னனிடம் கேட்ட பரிசு. "எவ்வளவு பெரிய எண் பார்த்தீர்களா!" என்ற வியப்புக்குறியோடு துணுக்கு முடிந்துவிடும். அதற்குக் கீழே பற்பசை விளம்பரம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: இப்படி அச்சிடப்படும் எண் செய்தியல்ல, வதந்தி. எவ்வாறு, ஏன் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் வாய்க்கு வாய் கடந்து போவதைத்தானே நாம் வதந்தி என்கிறோம்? ஓர் அமைச்சரின் கூற்றை அப்படி அச்சிட்டால் ஆசிரியபீடம் கேள்வி கேட்கும். இருபது இலக்க எண் ஒன்றை அப்படி அச்சிட்டால் எவரும் கேட்பதில்லை. காரணம், எண்ணைக் கண்டதும் நாம் வாயைப் பிளந்துகொண்டு மூளையை மூடிவிடுகிறோம். பிழை வாசகனுடையதன்று. பழக்கியவர்கள் நாங்கள்.

கதையின் வரலாற்றையாவது ஒழுங்காகச் சொல்கிறோமா என்றால் அதுவும் இல்லை. 'இந்தியாவில் முன்னொரு காலத்தில்' என்று ஆரம்பிக்கிறோம். சிஸ்ஸா என்பவனின் பெயரோடு இக்கதையை இப்னு கல்லிகான் 1256 ஆம் ஆண்டளவில் எழுதிவைத்தார். அதற்கும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னர், ஏறத்தாழ 1000 ஆம் ஆண்டில், அல்-பிரூனி இதே எண்ணைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். கணனி இல்லை, மின்சாரம் இல்லை. இருபது இலக்கங்களும் சரி. அவர் எப்படி அதனைச் செய்தார் என்பதுதான் சிறுவர் பகுதிக்கு ஏற்ற செய்தி. நாமோ அரிசியின் எடையைச் சொல்கிறோம். ஒரு மணி 25 மில்லிகிராம் என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 46,100 கோடி தொன். உலகின் ஓராண்டு அரிசி உற்பத்தி ஐம்பது கோடி தொன்னைச் சற்றே தாண்டுவது. ஆகவே சுமார் தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சல். நல்லது. ஆனால் இது அரிசியைப் பற்றிய தகவலேயொழிய அந்த எண்ணைப் பற்றிய தகவல் அன்று.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தயவுசெய்து ஒரு சதுரங்கப் பலகையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதற் கட்டத்தில் 1. முதல் இரு கட்டங்களிலும் சேர்த்து 3. அடுத்த இரு கட்டங்களில் 4 உம் 8 உம். அதாவது முதல் இரண்டின் நான்கு மடங்கு. எனவே நான்கு கட்டங்களின் மொத்தம், மூன்றின் ஒரு மடங்கும் நான்கு மடங்கும் சேர்ந்து ஐந்து மடங்கு: 3 × 5 = 15. அடுத்த நான்கு கட்டங்கள் (16, 32, 64, 128) முதல் நான்கின் பதினாறு மடங்கு. ஆகவே முதல் வரிசை முழுவதும் 15 × 17 = 255. இரண்டாம் வரிசையின் ஒவ்வொரு கட்டமும் முதல் வரிசையில் அதற்கு நேரான கட்டத்தின் 256 மடங்கு. ஆகவே இரு வரிசைகளும் 255 × 257 = 65,535. நான்கு வரிசைகள், அதாவது பலகையின் பாதி, 65,535 × 65,537 = 4,294,967,295. முழுப் பலகையும் அந்தப் பாதியின் 4,294,967,297 மடங்கு.

இங்கே அட்சரகணிதம் எதுவும் இல்லை. கூட்டலும் பெருக்கலும்தான். எட்டாம் ஆண்டுப் பிள்ளை செய்து பார்க்கலாம். செய்து முடித்ததும், வாயிலும் நுழையாத அந்த இருபது இலக்க எண் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 என்ற ஆறு எண்களின் பெருக்கமாகக் கைக்குள் அடங்கிவிடுகிறது. பலகையில் கட்டங்களின் தொகை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு காரணி வந்து சேர்கிறது. இதனை அச்சிட எத்தனை வரி வேண்டும்? பற்பசை விளம்பரத்தைக் கால் அங்குலம் சுருக்கினால் போதுமே!

காரணிகளைக் கண்டவுடன் அந்த எண்ணுக்கு உறவினர்களும் வந்துவிடுகிறார்கள். பாதிப் பலகையின் தொகையாகிய 4,294,967,295 ஐ எடுத்துக்கொள்வோம். அது 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்து முதன்மை எண்களின் பெருக்கம் (தமிழகத்தார் பகா எண் என்பர். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறொன்றாலும் மீதியின்றி வகுபடாதது). 1796 இல் பத்தொன்பது வயதும் நிரம்பாத கௌஸ், நேர்விளிம்பையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு பதினேழு பக்க ஒழுங்கான பல்கோணியை வரையலாம் என்று கண்டார். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு அத்துறையில் எவரும் ஓர் அடி முன்வைக்காதிருந்த நிலையில் கிடைத்த முடிவு அது. பின்னர் தெளிவானது இதுதான்: ஒற்றை எண்ணிக்கையான பக்கங்களோடு அவ்வாறு வரையத்தக்கவை என இன்று அறியப்பட்டுள்ள ஒழுங்கான பல்கோணிகள் 31 மாத்திரமே. அவை அந்த ஐந்து எண்களையும் தனியாகவோ சேர்த்துப் பெருக்கியோ பெறப்படுபவை. அவற்றுள் மிகப் பெரியது எத்தனை பக்கங்கள் கொண்டது? 4,294,967,295. சதுரங்கப் பலகையின் பாதியிலிருந்த தானியமணிகளின் தொகை! ஹேர்மெஸ் என்ற ஜேர்மானியர் 65,537 பக்கப் பல்கோணிக்கான வரைமுறையைப் பத்து ஆண்டுகள் உழைத்து எழுதி 1894 இல் முடித்தார். அக் கையெழுத்துப் பிரதி கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. (அந்த மனிதரின் வீட்டார் என்ன சொன்னார்களோ!)

இனி ஆறாவது காரணி. என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் முதன்மை எண்கள் என்று கண்ட பிரெஞ்சு நாட்டுப் பேர்மா, இந்த வரிசையில் வரும் எண்கள் யாவும் முதன்மை எண்களே என்று நம்பினார். 1640 இல் எழுதிய கடிதத்தில் தம்மிடம் நிறுவல் இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆயினும் நம்பிக்கையை விடவில்லை. ஐந்து எடுத்துக்காட்டுகள், ஐந்தும் சரி, ஆறாவதும் சரியாகத்தானே இருக்கும்! எமது சோதிடரும் அப்படித்தான் சொல்கிறார், பங்குச்சந்தை ஆலோசகரும் அப்படித்தான் சொல்கிறார். 1729 இல் கோல்ட்பாக் இதனை இளைஞரான ஒயிலரிடம் எழுதிக் கேட்டார். 1732 இல் ஒயிலரின் விடை வந்தது: 4,294,967,297 = 641 × 6,700,417. நூறாண்டு நம்பிக்கை ஒரு பெருக்கலில் தீர்ந்தது.

இதற்காக அவர் கண்ணை மூடிக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த எண்ணுக்கு முதன்மைக் காரணி ஒன்று இருந்தால் அது 64 இன் மடங்கிலும் ஒன்று கூடியதாகவே இருக்கவேண்டும் என்ற விதியை ஒயிலர் நிறுவினார். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று எழுதிப் பாருங்கள். இவற்றுள் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் திருடன் அகப்படுகிறான். இந்த விதிக்கு அடிப்படையான தேற்றம் யாருடையது தெரியுமா? பேர்மாவினுடையதே. திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவு பூட்டியிருக்கிறது என்றார் அந்தப் பெரிய மனிதர்.

வகுத்துப் பார்க்கவும் சோம்பலா? அதற்கும் வழி உண்டு. 641 என்பது 5 × 128 உடன் ஒன்று. அதே 641 என்பது 625 உடன் 16. முதலாவதன்படி, 641 ஆல் வகுக்கும்போது 5 × 128 என்பது 'ஒன்று குறைவு' என்ற கணக்கில் நிற்கிறது. அதனைத் தன்னோடு நான்கு தடவை பெருக்கினால் குறை நீங்கி மீதி ஒன்று ஆகும். அந்தப் பெருக்கம் 625 × (2 இன் 28 ஆம் வலு). இரண்டாவதன்படி, 625 இருக்கும் இடத்தில் 'பதினாறு குறைவு' என்று வைக்கலாம். பதினாறு என்பது 2 இன் 4 ஆம் வலு. ஆகவே 2 இன் 32 ஆம் வலுவின் மறை எண்ணும் மீதி ஒன்றையே தரும். அப்படியானால் அவ்வலுவோடு ஒன்றைக் கூட்ட 641 ஆல் மீதியின்றி வகுபடும். அந்தக் கூட்டுத்தொகைதான் 4,294,967,297. பத்து இலக்க எண்ணைத் தொடாமலே தீர்ப்பு எழுதியாயிற்று. இதை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். வாசியுங்கள். தேர்தல் விஞ்ஞாபனங்களை விட இது பயனுள்ளது.

ஆக, சதுரங்க எண்ணின் முழு ஜாதகம் இது: 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417. ஏழு முதன்மைக் காரணிகள், ஒன்றும் இரண்டு தடவை வரவில்லை. மன்னனின் தானியத்தை 641 பேருக்கு ஒரு மணி மிஞ்சாமல் பங்கிடலாம். ஏழு பேருக்குப் பங்கிட்டால் ஒரு மணி மிஞ்சும்.

"இதையெல்லாம் வாசகன் வாசிப்பானா?" என்று ஆசிரியபீடங்களில் கேட்பார்கள். நான் இருந்த ஆசிரியபீடங்களிலும் கேட்டார்கள். எந்த வாசகனைச் சொல்கிறீர்கள்? சீட்டுக் கழிவை மனக்கணக்காகப் போடுகிறவனையா? மழை பெய்து ஓவர்கள் குறைந்தால் டக்வர்த் லூயிஸ் இலக்கு எவ்வளவு என்று தேநீர்க்கடையில் தர்க்கிக்கிறவனையா? வாசகனுக்கு விளங்காது என்று சொல்பவர், பெரும்பாலும் தமக்கு விளங்காததை வாசகனின் கணக்கில் எழுதுகிறார்.

பத்திரிகைக்காரனுக்கும் இதில் சொந்த இலாபம் உண்டு. ஈய எழுத்துக் காலத்தில் இருபது இலக்கங்களை அச்சுக்கோப்பாளர் கோத்துத் தந்தால் ஒப்புநோக்குநர் அதனை எதனோடு ஒப்பிடுவது? முன்னொரு பத்திரிகையின் துணுக்கோடுதான். அதிலே பிழை இருந்தால் இதிலும் இருக்கும். எண்ணின் இயல்பு தெரிந்தவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 87 வரவேண்டும். வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 62 உம், விடுபட்டவற்றைக் கூட்டினால் 25 உம் வரவேண்டும். அடுத்தடுத்த இரு வேறு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் முதற் சோதனை காட்டாது, இரண்டாவது காட்டிக்கொடுக்கும். பூச்சியம் ஒன்று விழுந்திருந்தால் இலக்கங்களை எண்ணினாலே தெரிந்துவிடும்.

இனி அற்புத எண்காரர்கள். 142857 ஐ 2, 3, 4, 5, 6 ஆல் பெருக்கினால் அதே இலக்கங்கள் சுழன்று வருகின்றன, ஆகவே அது தெய்வீக எண் என்று துண்டுப் பிரசுரமே உண்டு. ஒன்றை ஏழால் வகுத்துப் பாருங்கள். மீதிகள் 1, 3, 2, 6, 4, 5 என வந்து மறுபடியும் ஒன்றிலிருந்து சுழலும். ஒன்றுக்குப் பதில் இரண்டை வகுத்தால் அதே சுழலுக்குள் வேறோர் இடத்தில் நுழைகிறீர்கள். அவ்வளவே. பதினேழால் வகுத்தாலும் 0588235294117647 என்ற பதினாறு இலக்கச் சுழல் கிடைக்கும். அதற்கு ஏன் எவரும் கோயில் கட்டவில்லை? பெயரின் எழுத்துகளைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி, எழுத்தொன்றைக் கூட்டிக் கொடுத்துப் பணம் பெறுகிறவர்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை. அவர்கள் எண்ணுக்குச் செய்வது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை ஏட்டில் பதிவதுதான்.

கணனி உலகத்தினருக்கு இந்த எண் நெருங்கிய உறவு. அறுபத்துநான்கு இருமக் கட்டங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழுவெண் இதுவே. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாடல் யூரியூப்பையே உடைத்துவிட்டது என்று எமது பத்திரிகைகள் எழுதின. உண்மையில் உடைந்தது எதுவுமில்லை. பார்வையாளர் தொகை 2,147,483,647 ஐத் தாண்டுவதால் எண்ணியை அகலமாக்கினார்கள். அந்த எண் யாது? பலகையின் முதல் 31 கட்டங்களின் தொகை. 1772 இல் அது முதன்மை எண் என்று நிறுவியவர் அதே ஒயிலர். 31 கட்டங்களின் தொகையை எவராலும் சமமாகப் பங்கிட முடியாது. 32 ஆம் கட்டம் சேர்ந்ததும் ஐந்து காரணிகள் வந்து நிற்கின்றன! இத்தனை சுவையும் கையருகே இருக்க, நாம் எழுதியது நடனத்தைப் பற்றி.

இதில் இவ்வளவு கோபம் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் கொழும்பில் ஒரு மண்டபத்தில் நடந்த 'வியாபார வாய்ப்பு'க் கூட்டத்துக்குப் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் மேடையில் நின்று, வேறெதுவுமல்ல, இந்தச் சதுரங்கக் கதையைத்தான் சொன்னார். நீங்கள் இரண்டு பேரைச் சேருங்கள், அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பேரைச் சேர்க்கட்டும். திரையில் அந்த எண் பொன் நிறத்தில் மின்னியது. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது இலக்கங்களே இருந்தன. ஒரு பூச்சியத்தை யாரோ விழுங்கிவிட்டார்கள். சபை வாய்பிளந்து இருந்தது. ஓய்வூதியம் பெற்ற ஆசிரியைகள், மத்திய கிழக்கிலிருந்து மீண்ட பெண்கள், நகையை அடகு வைத்த தாய்மார். வியப்புக்குறியோடு நாங்கள் எத்தனையோ ஆண்டுகள் பழக்கி வைத்த அதே வாய்கள்.

இரட்டிக்கும் வரிசையின் மிக எளிய இயல்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது அதற்கு முன்னுள்ள கட்டங்கள் யாவற்றினதும் மொத்தத்திலும் ஒன்று அதிகம். 64 ஆம் கட்டத்தில் மட்டும் 9,223,372,036,854,775,808. முன்னைய அறுபத்துமூன்றும் சேர்ந்து அதற்கு ஒன்று குறைவு. இதன் பொருள், ஆள் சேர்க்கும் அத்தகைய திட்டம் எந்தப் படியில் நின்றாலும் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடைசிப் படியில் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கீழே எவரும் இல்லை. போட்ட காசு மேலே போய்விட்டது. எங்கே நிற்கும் என்பதையும் கணக்கே சொல்கிறது. முதல் 24 படிகளில் 16,777,215 பேர், 25 ஆம் படியோடு 33,554,431. இலங்கையின் சனத்தொகை 2024 குடிசன மதிப்பீட்டின்படி இரண்டு கோடி பதினேழு இலட்சத்துக்குச் சற்று மேல். தொட்டிற் குழந்தையையும் சேர்த்தாலும் 25 ஆம் படி நிரம்பாது. பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டம் தடைசெய்கிறது, மத்திய வங்கியும் அவ்வப்போது பெயர்ப்பட்டியல் வெளியிடுகிறது. அன்று மண்டபத்தில் எழுந்து, 25 ஆம் கட்டத்துக்கு யாரைச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். "ஐயா, எதிர்மறைச் சிந்தனை வேண்டாம்" என்றார் கழுத்துப்பட்டிக்காரர். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு எங்கள் துணுக்குகளும் பொறுப்பு. எண்ணை ஏன் என்று கேட்கக் கற்றிருந்தால், அந்த மண்டபத்தில் பென்சிலும் கடிதவுறையின் பின்புறமும் போதுமாயிருந்திருக்கும். சிறுவர் பகுதிப் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த தடவை இந்த எண்ணை அச்சிடும்போது வியப்புக்குறியை எடுத்துவிட்டு அந்த ஏழு காரணிகளைப் போடுங்கள். வரிசைகளை இரட்டித்துக் காட்டும் படம் ஒன்றும் போடுங்கள். இடம் இருந்தால் ஒயிலரின் 641 ஐயும் சொல்லுங்கள்.

இன்னும் இடம் இருந்தால் இதனையும் சேர்க்கலாம். அந்த மன்னன் தாராள மனதோடு இரண்டே இரண்டு மணிகளைக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் தொகை 18,446,744,073,709,551,617 ஆகியிருக்கும். அது பேர்மாவின் வரிசையில் ஏழாவது எண். அதுவும் முதன்மை எண் அன்று. 274,177 × 67,280,421,310,721 என்று 1880 இல் பிரித்துக் காட்டியவர், எண்பது வயதைத் தாண்டிய லான்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர். 65,537 க்கு அப்பால் அந்த வரிசையில் இன்னொரு முதன்மை எண் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறாவதிலிருந்து முப்பத்துமூன்றாவது வரை எல்லாம் பகுபடுபவை என்று காட்டியாயிற்று. முப்பத்துநான்காவது எண்ணில் இருநூற்றைம்பது கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அது வகுபடுமா, வகுபடாதா என்பதை இதுவரை எவரும் கண்டு சொல்லவில்லை.